செருப்புக் கடையில் ஒரு பள்ளிக்கூடம்

ஒரு சின்னஞ்சிறு கடை. அகலம் 6 அடி. நீளம் 18 அடி. சுவர்கள் எல்லாம் பலகை. தெருவைப் பார்த்து ஒரு வாசல்.

கடையின் நடுவில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பழைய பூட்ஸ். ஒரு கையில் ஊசி. இன்னொரு கையில் மெழுகு தடவிய நூல். கை தைத்துக்கொண்டே இருக்கிறது. காது மட்டும் வேறு எங்கோ இருக்கிறது.

அவரைச் சுற்றி 30 பிள்ளைகள், சில நாட்களில் 40 பிள்ளைகள். பெட்டியின் மேல் சிலர். தரையில் சிலர். மாடிப்படியில் சிலர். இடம் கிடைக்காதவர்கள் வாசற்படியில். எல்லோருடைய உடையும் கிழிசல். பலருக்குக் காலில் செருப்பு இல்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுக் காகிதமோ சிலேட்டோ இருக்கிறது. எல்லோரும் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள்.

இது செருப்புக் கடையா, பள்ளிக்கூடமா?

இரண்டும்தான். அந்தக் கிழவர் செருப்புத் தைப்பவர். வாத்தியாரும் அவரே. சம்பளம் இல்லாத வாத்தியார். யாரும் நியமிக்காத வாத்தியார். அவர் பெயர் ஜான் பவுண்ட்ஸ்.

எழுத்து ஏறாத பிள்ளைகளையும், எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளையும் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பின்னாளில் ஒரு பெரிய இயக்கமே எழுந்தது. அதற்கு முன்னோடி என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது.

துறைமுகத்துப் பையன்

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் என்ற ஊர் இருக்கிறது. அது ஒரு துறைமுகப் பட்டணம். இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் பல அங்கே கட்டப்பட்டன. பல அங்கே பழுது பார்க்கப்பட்டன. மாலுமிகளும் சிப்பாய்களும் கப்பல் தச்சர்களும் நிறைந்த ஊர்.

அந்த ஊரில் 1766-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி ஜான் பவுண்ட்ஸ் பிறந்தார். தகப்பனார் கப்பல் கட்டும் துறையில் மரம் அறுக்கும் தொழிலாளி. மகனும் அதே இடத்தில் வேலை கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்வான் என்று அவர் நினைத்தார். 12 வயதில் ஜானைக் கப்பல் தச்சு வேலை பழகச் சேர்த்துவிட்டார்.

அந்த நாளில் அது நல்ல வேலை. கப்பல் இருக்கும் வரை தச்சனுக்கு வேலை இருக்கும். ஜான் உடல்கட்டான பையன். மரத்தைத் தூக்குவான், ஏணியில் ஏறுவான், ஓடியாடி வேலை செய்வான். இன்னும் சில ஆண்டுகளில் முழுத் தச்சனாகி நல்ல கூலி வாங்குவான் என்று வீட்டார் கனவு கண்டார்கள்.

ஆனால் 15-வது வயதில் அந்தக் கனவு கலைந்தது.

கப்பலைப் பழுது பார்க்க ஆழமான ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அப்படித் தண்ணீர் இல்லாத தொட்டியில் ஜான் தவறி விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் நேராக நிமிர்ந்து நடக்கும் சக்தி போய்விட்டது. ஆயுள் முழுவதும் ஊனம் அவனை விட்டு நீங்கவில்லை.

ஏணி ஏற முடியாதவனுக்குக் கப்பல் துறையில் வேலை ஏது? வேறு தொழில் தேட வேண்டியதாயிற்று.

உட்கார்ந்த இடத்தில் ஒரு தொழில்

உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய தொழில் எது என்று ஜான் யோசித்தான். செருப்புத் தைக்கும் வேலை கண்ணில் பட்டது. அதே ஊரில் இருந்த வயதான ஒரு தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்தான். தோல் அறுக்கவும், ஊசி பிடிக்கவும், அடித்தோல் தைக்கவும் பழகினான். எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டான்.

ஆண்டுகள் ஓடின. 1803-ம் ஆண்டில் செயின்ட் மேரி தெருவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கீழே கடை, அதுவே வீடு. புதிய பூட்ஸ் செய்து விற்கும் பெரிய கடை அல்ல. பழைய பூட்ஸைத் தைத்துக் கொடுக்கும் கடை. கிடைக்கும் கூலி ஒரு வயிற்றுக்குச் சரியாக இருந்தது.

அந்தக் காலம் பெரும் போர்க்காலம். 1805-ம் ஆண்டு செப்டம்பரில் கடற்படைத் தலைவர் நெல்சன் இதே போர்ட்ஸ்மத்தில்தான் கடைசி முறையாகக் கப்பல் ஏறினார். அடுத்த மாதம் டிரபால்கர் போரில் வெற்றி கண்டு உயிர் விட்டார். அவரைப் பார்க்கக் கரையில் ஊரே கூடியது என்று சரித்திரம் கூறுகிறது. அதே ஊரின் ஒரு குறுகிய தெருவில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஜான் பவுண்ட்ஸை அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜான் கலியாணம் செய்துகொள்ளவில்லை. துணைக்குப் பறவைகளை வளர்த்தார். மைனா ஜாதிப் பறவை ஒன்று அவர் தோளில் வந்து உட்காரும். காலடியில் ஒரு பூனை. பறவையும் பூனையும் ஒரே கடையில் சண்டை இல்லாமல் இருக்கும். அதைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் வாசலில் கூடுவார்கள்.

இப்படியே காலம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு குழந்தை வந்தது. எல்லாம் மாறியது.

வளைந்த கால், நிமிர்ந்த கால்

ஜானின் உடன்பிறந்தவர் ஒரு கடலோடி. வீட்டில் பிள்ளைகள் அதிகம். அவர்களில் ஒரு சிறு பையனுக்குப் பிறவியிலேயே கால் கோணல். இரண்டு பாதங்களும் உள்பக்கமாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவனால் நடக்க முடியவில்லை.

அந்தக் குழந்தையை நான் வளர்க்கிறேன் என்று ஜான் எடுத்துக்கொண்டார். நடக்க முடியாதவன் படும் பாடு இன்னதென்று அவருக்குத் தெரியாதா?

கால் கோணலைச் சரி செய்ய டாக்டர்கள் ஒரு கருவி கட்டுவது உண்டு. அதற்கு நிறையப் பணம் வேண்டும். ஜானிடம் பணம் இல்லை. அந்த ஊரில் வேறொரு குழந்தைக்குப் பெரிய டாக்டர் ஒருவர் அத்தகைய கருவியைக் கட்டியிருந்தார். ஜான் அதைக் கூர்ந்து பார்த்தார். கடைக்குத் திரும்பினார். பழைய பூட்ஸையும் தோல் வாரையும் எடுத்தார். அறுத்தார், வளைத்தார், தைத்தார். அதே மாதிரி ஒன்றைச் செய்து பையனின் காலில் மாட்டினார்.

பையனின் பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேராயின. அவன் எழுந்து நின்றான். நடந்தான். டாக்டர் படிப்புப் படிக்காத ஒரு செருப்புத் தொழிலாளியின் கை செய்த வேலை அது.

கால் நேரானது. அடுத்தது என்ன? படிப்பு. 1818-ம் ஆண்டு வாக்கில் ஜான் அந்தப் பையனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ஊசியும் நூலும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பையன் எழுத்துக் கூட்டிக்கொண்டே இருப்பான்.

துணைக்கு ஒரு பையன்

சில நாட்களில் ஜானுக்கு ஒன்று தோன்றியது. தனியாகப் படிக்கிற பிள்ளைக்குச் சலிப்பு வருகிறது. கூட ஒரு பிள்ளை இருந்தால் போட்டி போட்டுப் படிப்பான். விளையாட்டுப் போலக் கற்றுக்கொள்வான்.

துணைக்கு யாரைச் சேர்ப்பது? வசதி உள்ள வீட்டுப் பிள்ளையை அவர் தேடவில்லை. தெருவில் பலகாரம் விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழைப் பெண் இருந்தாள். காலையில் கூடையுடன் கிளம்பினால் இரவில்தான் திரும்புவாள். அவளுடைய சிறு மகன் பகல் முழுவதும் பனியிலும் குளிரிலும் தெருவிலேயே கிடப்பான். அவனை ஜான் கடைக்குள் அழைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டு பிள்ளைகள். பிறகு மூன்று. பிறகு பத்து. செருப்புக் கடையில் இலவசமாகப் படிப்பு என்ற செய்தி தெருத் தெருவாகப் பரவியது. தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெண் குழந்தைகளும் வந்தார்கள். 40 பிள்ளைகள் கூடும் நாளில் அவர்களில் 10, 12 பேர் பெண் குழந்தைகள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த ஊரில் வேறு பள்ளிக்கூடமே இல்லையா?

அன்றைய இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற சட்டம் கிடையாது. மாதா கோயில்களும் தரும சங்கங்களும் பள்ளிகள் நடத்தின. பலவற்றில் வாரந்தோறும் சில காசு கட்ட வேண்டும். துவைத்த உடையுடன் வரவேண்டும். கந்தலும் அழுக்குமாக வருகிற பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை எங்கே போகும்? துறைமுகத்துக்குப் போகும். மூட்டை தூக்கும், பிச்சை எடுக்கும், திருடவும் பழகும். கடைசியில் சிறைச்சாலையில் போய் முடியும். அந்த நாளில் சிறு பிள்ளைகளையும் சிறையில் அடைத்தார்கள்.

படிப்பு கிடைத்தால் கைத்தொழில், கிடைக்காவிட்டால் சிறை. அந்தப் பிள்ளைகளின் வாழ்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடியது. ஜான் பவுண்ட்ஸின் கடை வாசல் அந்த இடத்தில்தான் திறந்திருந்தது.

சூடான உருளைக்கிழங்கு

கடையில் இடம் போதாமல் போனபோது, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற சங்கடம் வந்தது. வேறொருவராக இருந்தால் அடக்கமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு முரட்டுப் பிள்ளைகளை விரட்டியிருப்பார். ஜான் நேர்மாறாகச் செய்தார். முரட்டுப் பிள்ளைகளுக்கே முதல் இடம் கொடுத்தார். நல்ல பிள்ளைக்கு யாராவது உதவி செய்வார்கள். போக்கிரிப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பிள்ளைகள் தாமாக வரமாட்டார்கள். ஜான் அவர்களைத் தேடிப் போனார். சட்டைப் பையில் சுட்ட உருளைக்கிழங்கைப் போட்டுக்கொள்வார். ஊன்றி ஊன்றி நடந்து துறைமுகக் கரைக்குப் போவார். பசியோடு நிற்கும் பையனைப் பார்ப்பார். ஆவி பறக்கும் கிழங்கை நீட்டுவார். கடைக்கு வந்தால் இன்னும் கிடைக்கும் என்பார்.

பையன் கிழங்குக்காக வருவான். சூடான இடம் என்பதற்காக உட்காருவான். மற்றப் பிள்ளைகள் படிப்பதைப் பார்ப்பான். மறுநாளும் வருவான். ஒரு வாரம் போனால் கிழங்கு இல்லாவிட்டாலும் வருவான்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இந்த உண்மை அந்த ஏழை வாத்தியாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

புத்தகம் இல்லாத படிப்பு

பாடப் புத்தகம் வாங்கப் பணம் ஏது? அதற்கும் ஜான் வழி கண்டுபிடித்தார். தெருவில் கொடுக்கும் விளம்பர நோட்டீசுகளைச் சேர்த்தார். பிறர் தூக்கி எறிந்த பழைய புத்தகத்தின் கிழிந்த பக்கங்களைச் சேர்த்தார். அவையே பாடப் புத்தகங்கள். எழுதுவதற்குச் சிலேட்டு.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு முதல் பாடம் காகிதத்தில் இல்லை. அவன் உடம்பில் இருந்தது. ஜான் ஒரு பிள்ளையின் கையைத் தொட்டு இது என்ன என்று கேட்பார். கை என்பான். அந்தச் சொல்லுக்கு என்ன எழுத்து என்று கேட்பார். பிள்ளை யோசித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வான். பிறகு அந்தக் கையில் செல்லமாக ஓர் அடி போடுவார். இப்போது நான் என்ன செய்தேன் என்பார். பிள்ளை சிரித்துக்கொண்டே அடி என்பான். அதற்கும் எழுத்துச் சொல்ல வேண்டும். காதைப் பிடித்து இழுத்தால் காதுக்கு எழுத்து, இழுப்பதற்கும் எழுத்து.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத்து ஏறாத பிள்ளை எழுத்தைக் கண்டு பயப்படுகிறது. தப்பாகச் சொன்னால் அடி விழும், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நடுங்குகிறது. நடுங்குகிற பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். ஜான் முதலில் பயத்தைப் போக்கினார். தனக்குத் தெரிந்த சொல்லையே பிள்ளை எழுத்தாகப் பிரிக்கிறது. அது ஒரு விளையாட்டு. விளையாட்டில் தோற்றால் மறுபடி ஆடலாம் அல்லவா?

சொல் தெரிந்த பிறகு நோட்டீஸ். நோட்டீஸ் படித்த பிறகு புத்தகம். கணக்கும் உண்டு. கூட்டல், கழித்தலில் தொடங்கி, மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் கண்டுபிடிக்கும் கணக்கு வரை சொல்லிக் கொடுத்தார். கடைக்குப் போனால் ஏமாறாமல் திரும்ப அது போதும்.

சென்னையிலிருந்து போன முறை

அதே காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு முறை பெயர் பெற்றிருந்தது. அதற்கு மதராஸ் முறை என்று பெயர். நம் சென்னையின் பெயர்தான்!

ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். வாத்தியார்கள் மறுத்தபோது, 8 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தர வைத்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் இந்த முறையைப் பற்றி 1797-ம் ஆண்டு லண்டனில் நூல் வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளியின் பழக்கம் இப்படிக் கடல் கடந்தது.

அந்த முறையில் நடந்த பள்ளிகளில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். செலவு குறைவு. ஆனால் கூட்டத்தில் பின்தங்கிய பிள்ளை யார் என்று தெரியாமல் போவது எளிது. ஜான் பவுண்ட்ஸின் கடையில் அது நடக்காது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும். யாருக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்றும் தெரியும். யார் இன்று சாப்பிடவில்லை என்றும் தெரியும்.

படிப்போடு பிழைப்பு

வெறும் எழுத்து மட்டும் சோறு போடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கைவேலையும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தங்கள் பூட்ஸைத் தாங்களே தைக்கப் பழகினார்கள். எளிய சமையல் செய்யப் பழகினார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அவரே மருந்து போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். வேலை இல்லாத நேரத்தில் பந்து அடிக்கும் மட்டையும் விளையாட்டுச் சாமான்களும் செய்து கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவார். கந்தலோடு எப்படி அனுப்புவது? தெரிந்தவர்களிடம் கேட்டுப் பழைய உடைகளை வாங்கிக் கடையிலே வைத்திருப்பார். ஞாயிறு காலையில் பிள்ளைகள் வந்து உடுத்திக்கொள்வார்கள். மாலையில் கழற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அவை அடகுக் கடைக்குப் போய்விடும் என்ற பயம்!

கட்டணம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. பூட்ஸ் தைத்த கூலியில்தான் எல்லாம் நடந்தது. அவருடைய சம்பளம் வேறு. ஆண்டுகள் கழித்து ஒரு மாலுமியோ ஒரு சிப்பாயோ வாட்டசாட்டமாகக் கடை வாசலில் வந்து நிற்பார். தாம் அங்கே படித்த பிள்ளை என்று சொல்லிக் கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். அன்றைக்கு முழுவதும் ஜானின் முகத்தில் சிரிப்பு மறையாது.

கால் கோணலாக வந்த அந்த முதல் பையன் என்ன ஆனான்? அவனும் தொழில் கற்றான். நாகரிகமான பூட்ஸ் செய்யும் நல்ல தொழிலாளியானான். ஜானின் கடைசி நாள் வரை அவர் கூடவே இருந்தான்.

பறவை விழுந்தது

1838-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. ஜானுக்கு வயது 72. பிள்ளைகளுக்கு விருந்துப் பலகாரம் செய்ய வேண்டும் என்று மாவும் பழமும் வாங்கி, உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று தமக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம். தம்மால் உழைக்க முடியாத நாள் வந்தால், கிளையிலிருந்து பறவை விழுவது போலச் சட்டென்று போய்விட வேண்டும் என்பதே தம் ஆசை என்றும் சொன்னாராம்.

ஒரு வாரம் சென்றது. 1839-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. கடைப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காலில் புண். அவனை அழைத்துக்கொண்டு, ஊரில் செல்வாக்குள்ள எட்வர்டு கார்ட்டர் என்பவரின் வீட்டுக்கு ஜான் போனார். புண்ணுக்கு வைத்தியம் பார்க்க உதவி கேட்பது அவர் நோக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே தரையில் சாய்ந்தார். உயிர் பிரிந்துவிட்டது.

அவர் கேட்டது போலவே சாவு வந்தது. கடைசிப் பேச்சும் ஒரு பிள்ளைக்காகவே இருந்தது.

கடையில் காத்திருந்த பிள்ளைகளுக்குச் செய்தி எட்டியது. அவர்கள் கதறினார்கள். மறுநாளும் வழக்கம்போலக் கடைக்கு வந்தார்கள். கதவு மூடியிருந்தது. வாசலில் நின்று அழுதார்கள். சில நாட்கள் வரை சிறு சிறு கூட்டமாக வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, கிழவரைக் காணாமல் திரும்பிப் போனார்கள்.

ஒரு படம் செய்த வேலை

செருப்புக் கடைப் பள்ளி அத்துடன் முடிந்ததா? இல்லை. ஒரு படம் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது.

ஜான் உயிரோடு இருந்தபோதே ஒருவர் அவர் கடையைப் படமாக வரைந்திருந்தார். வரைந்தவரும் ஒரு செருப்புத் தொழிலாளிதான். நடுவில் ஜான், கையில் பூட்ஸ், மூக்கில் கண்ணாடி, சுற்றிலும் கந்தல் உடுத்த பிள்ளைகள். அந்தப் படம் அச்சாகி நாடெங்கும் பரவியது.

அதில் ஒரு பிரதி ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூரின் விடுதிச் சுவரில் தொங்கியது. தாமஸ் கத்ரி என்ற பாதிரியார் வழிப்பயணத்தில் அங்கே தங்கினார். படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். ஓர் ஏழைத் தொழிலாளி இவ்வளவு செய்திருக்கிறார். படித்த நான் என்ன செய்தேன் என்று வெட்கப்பட்டார். 1847-ம் ஆண்டு எடின்பரோ நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளிக்கூடம் திறந்தார். அங்கே படிப்போடு சாப்பாடும் உண்டு.

லண்டனில் 1844-ம் ஆண்டிலேயே இத்தகைய பள்ளிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்தன. ஷாப்ட்ஸ்பரி பிரபு அதற்குத் தலைமை தாங்கினார். இவற்றைக் கந்தல் பள்ளிகள் என்றே மக்கள் அழைத்தார்கள். கந்தல் உடுத்த பிள்ளைகளுக்கான பள்ளி என்பது பொருள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் பலர் மாலை நேரத்தில் வந்து பாடம் சொன்னார்கள். பகலில் கடையிலும் ஆபீசிலும் வேலை செய்தவர்கள் அவர்கள்.

பெரிய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ம் ஆண்டு லண்டனில் அத்தகைய பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தார். கண்ட காட்சி அவர் மனத்தை உலுக்கியது. பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். டிக்கன்ஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? போர்ட்ஸ்மத்! 1812-ம் ஆண்டு அவர் அங்கே பிறந்தபோது, அதே ஊரில் ஜான் பவுண்ட்ஸ் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்.

தொண்டர்கள் மட்டும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது, அரசாங்கமே ஏற்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுத்தது. 1870-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1880-ம் ஆண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கட்டாயமாயிற்று. 1891-ம் ஆண்டு பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் நீங்கியது. கந்தல் பள்ளிகளின் வேலை ஒருவாறு முடிந்தது.

ஜானின் உடல் போர்ட்ஸ்மத்தில் அவர் வழிபட்ட கோயிலின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. 1941-ம் ஆண்டு உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அந்தக் கோயில் இடிந்தது. 1956-ம் ஆண்டு அது மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. அந்தப் புதிய கோயிலுக்கு ஜான் பவுண்ட்ஸின் பெயரையே வைத்தார்கள். அவர் கடையைப் போலவே ஒரு சிறு கடையும் அங்கே அமைக்கப்பட்டது.

ஒரு பிள்ளை, ஒரு முக்காலி

இன்று சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. புத்தகமும் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் எழுத்துக் கூட்ட முடியாமல் தலை குனிந்து உட்காரும் பிள்ளை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வகுப்பு முன்னே போய்விடும். அந்தப் பிள்ளை பின்னே நின்றுவிடும். நாளடைவில் பள்ளிக்கூடமே அதற்குக் கசந்துபோகும்.

வகுப்பில் பல பிள்ளைகளைக் கவனிக்கும் வாத்தியாருக்கு அந்த ஒரு பிள்ளையிடம் தினமும் தனியாக உட்கார நேரம் கிடைப்பது அரிது. அந்த நேரம் நம்மிடம் இருக்கிறது. பெரிய படிப்பு தேவையில்லை. ஜான் பவுண்ட்ஸ் பட்டம் பெற்றவர் அல்ல. தமக்குத் தெரிந்ததைத் தெரியாத பிள்ளைக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

சமையல் செய்துகொண்டே ஒரு தாய் தன் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்துத் தெரிந்த அக்கா தம்பிக்குச் சொல்லித்தரலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா அடுத்த வீட்டுப் பிள்ளையைத் திண்ணைக்கு அழைக்கலாம். மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதமும் பாடப் புத்தகம்தான். தடுமாறினால் திட்ட வேண்டாம். காத்திருந்தால் போதும். பிள்ளை மறுபடி முயன்று பார்க்கும்.

கடையை மூடிவிட்டு ஜான் பவுண்ட்ஸ் வாத்தியாராகவில்லை. கடையில் உட்கார்ந்தபடியே வாத்தியாரானார். கையில் ஊசி இருந்தது. காது மட்டும் பிள்ளையின் பக்கம் இருந்தது.

உங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறது என்று இன்று மாலை பாருங்கள். ஒரு முக்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள்.